பாரா நீச்சல்: குளத்தங்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு நீச்சல் குளத்தில் பன்னிரண்டு வருடமாக சனி, ஞாயிறு காலைகளில் மாற்றுத்திறனாளி நீச்சல்காரர்களுக்கு உதவியாக நிற்கிறேன். நான் கோச் இல்லை. சக்கர நாற்காலியிலிருந்து தண்ணீருக்கு இறங்க, ஏறக் கைகொடுப்பது, பார்வையில்லாதவர்களுக்குச் சுவர் நெருங்குவதைத் தட்டிச் சொல்வது, இவைதான் என் வேலை. குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்கள் ஒவ்வொரு வருடமும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கால் சரியில்லாத பையன் சார். தண்ணில விட்டா மூழ்கிட மாட்டானா?

மாட்டான், சொல்லிக் கொடுத்தால். மனித உடம்பு தண்ணீரில் ஏறக்குறைய மிதக்கும் எடைதான். நுரையீரலில் காற்று இருக்கும்வரை நெஞ்சு மேலே நிற்கும். போலியோவால் சூம்பிய காலில் தசை குறைவாக இருப்பதால் அந்தக் கால் மிதக்கத்தான் பார்க்கும். முதல் சில நாட்கள் உடம்பு ஒரு பக்கமாக உருளும், பிள்ளை பயப்படுவான். அது சமநிலை பழகும்வரைதான்.

மூளை முடக்குவாதத்தில் தசை விறைப்பாக இருக்கும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும். குளிர்ந்த தண்ணீரில் விறைப்பு அதிகமாகும் என்பதால் அவர்களை மார்கழிக் காலையில் தொடங்க வைக்காதீர்கள். சித்திரையில் கூட்டி வாருங்கள்.

பாரா நீச்சல்னா தனி விளையாட்டா?

இல்லை. அதே 50 மீட்டர் குளம், அதே ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை. விதிகளில் உடம்புக்குத் தேவையான சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். 1960இல் ரோமில் நடந்த முதல் பாராலிம்பிக்கிலிருந்தே நீச்சல் இருக்கிறது. உலக அளவில் இதை நடத்துவது வேர்ல்ட் பாரா ஸ்விம்மிங். அது ஜெர்மனியின் பான் நகரிலுள்ள சர்வதேச பாராலிம்பிக் கமிட்டியின் கீழ் வருகிறது. நம் நாட்டில் பாராலிம்பிக் கமிட்டி ஆஃப் இந்தியா.

இந்தியாவுக்கு இதுல மெடல் எதாவது வந்திருக்கா?

இந்தியாவின் முதல் தனிநபர் பாராலிம்பிக் தங்கமே நீச்சலில்தான் வந்தது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. மகாராஷ்டிராவின் முரளிகாந்த் பேட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். 1965 போரில் உடம்பில் குண்டுகள் பாய்ந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டது. சிகிச்சையின் பகுதியாக நீந்தத் தொடங்கி, 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 37.33 வினாடியில் முடித்தார். அது அப்போதைய உலக சாதனை. நாடு அவரைக் கண்டுகொண்டு பத்மஸ்ரீ கொடுத்தது 2018இல். நாற்பத்தாறு வருடம் கழித்து.

பாராலிம்பிக் நீச்சலில் அதற்குப் பிறகு நமக்குப் பதக்கம் இல்லை. மற்ற மேடைகளில் உண்டு. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் பிரசாந்த கர்மாகர் வெண்கலம் வாங்கினார். 2014 இஞ்சியோன் ஆசிய பாரா விளையாட்டில் பெங்களூருவின் ஷரத் கெய்க்வாட் ஒரே போட்டியில் ஆறு பதக்கம் வென்றார். 2017 மெக்சிகோ உலகப் போட்டியில் நாக்பூரின் காஞ்சனமாலா பாண்டே தங்கம் வென்றார், அவருக்குப் பார்வை கிடையாது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. 2023 டிசம்பரில் முதல் கேலோ இந்தியா பாரா விளையாட்டு டெல்லியில் நடந்தபோது சேர்க்கப்பட்ட ஏழு விளையாட்டுகளில் நீச்சல் இல்லை. இளம் பிள்ளைகளுக்கு மேடை இல்லாவிட்டால் பதக்கம் எங்கிருந்து வரும்?

எஸ்-6, எஸ்-9னு பேருக்குப் பக்கத்துல போடுறாங்களே, அது என்ன?

அதுதான் கிளாஸ். ஒரே மாதிரியான அளவுக்குத் தண்ணீரில் சிரமப்படுபவர்களை ஒன்றாகப் போட்டியிட வைக்கும் ஏற்பாடு. எஸ்-1 முதல் எஸ்-10 வரை உடல் குறைபாடு. எண் சிறியதாக இருந்தால் பாதிப்பு அதிகம். எஸ்-11 முதல் எஸ்-13 வரை பார்வைக் குறைபாடு, இதில் எஸ்-11 ஏறக்குறைய முழுப் பார்வையின்மை. எஸ்-14 அறிவுசார் குறைபாடு.

என் பொண்ணுக்கு எஸ்-8ன்னும் போட்டிருக்கு, எஸ்பி-7ன்னும் போட்டிருக்கு. தப்பா அச்சாயிடுச்சா?

சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது. எஸ் என்பது ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றுக்கும். எஸ்பி என்பது பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு மட்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் உடம்பை முன்னால் தள்ளுவதில் காலுக்குப் பெரிய பங்கு. அதனால் காலில் பாதிப்பு உள்ளவருக்கு அந்த ஒரு முறையில் சிரமம் கூடுதல், எண்ணும் குறைந்துவிடும். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லாத அமெரிக்காவின் ஜெசிகா லாங்குக்கும் இதே எஸ்-8, எஸ்பி-7தான்.

நான்கு முறைகளையும் சேர்த்து நீந்தும் மெட்லிக்கு எஸ்எம். எஸ் எண்ணை மூன்று மடங்காக்கி, எஸ்பி எண்ணைக் கூட்டி, நான்கால் வகுத்துப் பக்கத்து முழு எண்ணை எடுப்பார்கள். உங்கள் மகளுக்கு 24, அதோடு 7, ஆக 31. நான்கால் வகுத்தால் 7.75, எனவே எஸ்எம்-8. எண் நான்கும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு மெட்லியில் பட்டர்ஃபிளை கிடையாது, மூன்று முறைகளில் 150 மீட்டர்தான். கணக்கும் அதற்கேற்ப மாறும்.

இந்த கிளாஸை யார் முடிவு பண்றாங்க? டாக்டர் லெட்டர் போதுமா?

போதாது. டாக்டர் கடிதம் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உடல் குறைபாடு என்றால் பயிற்சி பெற்ற வகைப்பாட்டாளர்கள் குழுவாக உட்கார்ந்து பார்ப்பார்கள். முதலில் தரையில் ஒரு மேசைமேல் படுக்கவைத்துத் தசை வலு, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, அசைவு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு மூட்டாகச் சோதிப்பார்கள். பிறகு தண்ணீரில் இறக்கி மிதப்பது, குதிப்பது, திரும்புவது, நீந்துவது எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அப்புறம் போட்டியிலும் கவனிப்பார்கள்.

எஸ் வகையில் குறைபாடில்லாத உடம்புக்கு 300 புள்ளி. அதில் குறைந்தது 15 புள்ளியாவது குறைந்தால்தான் போட்டியில் இடம். பார்வைக்குக் கண் பரிசோதனை, எஸ்-14க்கு அறிவுத்திறன் சோதனையும் பள்ளி, வீட்டு வாழ்க்கை பற்றிய ஆவணங்களும்.

ஒரு அப்பா மகனிடம் "உள்ளே போனதும் கொஞ்சம் நடிடா" என்று சொன்னதை நானே கேட்டேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். வேண்டுமென்றே குறைவாகச் செய்து காட்டியது தெரியவந்தால் தடை வரும். அதைவிட, தன்னால் முடிந்ததைச் செய்யாதே என்று பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுத்தது போலாகிவிடும்.

சர்டிஃபிகேட்ல 75 சதவீதம்னு இருக்கு. அப்போ எந்த கிளாஸ் வரும்?

அந்தச் சதவீதத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. சலுகைகளுக்கு 40 சதவீதம் என்ற கோடு இருக்கிறது. பாராலிம்பிக் இயக்கம் ஏற்பது பத்தே வகை: உடலில் எட்டு, பார்வை ஒன்று, அறிவுசார் ஒன்று. ஆகவே அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி கையில் இருந்தும் இங்கே தகுதி இல்லாமல் போகலாம். தலசீமியா, ஹீமோபிலியா, காது கேளாமை மூன்றும் சட்டத்தில் உண்டு. அதை மட்டும் காரணமாகக் காட்டி பாரா நீச்சலில் சேர முடியாது.

இதைக் கேட்டதும் சில பெற்றோர் முகம் வாடிவிடும். சதவீதம் அளப்பது தரை வாழ்க்கையை. தண்ணீர் வேறு விதமாக அளக்கிறது. தரையில் சக்கர நாற்காலி இல்லாமல் நகர முடியாத ஒருவர், படியேறி வருகிற ஒருவரைவிடத் தண்ணீரில் வேகமாகப் போவதை வாரம்தோறும் பார்க்கிறேன்.

செயற்கைக் கால் போட்டுக்கிட்டு நீந்தலாமா?

போட்டியில் கூடாது. ஜெய்ப்பூர் கால், காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி), மிதவை எதுவும் அனுமதி இல்லை. கரையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பழகும்போது மிதவை வைத்துக்கொள்வது கோச்சின் விருப்பம்.

கையே இல்லாதவங்க எப்படி ஸ்டார்ட் பண்ணுவாங்க, சுவரை எப்படித் தொடுவாங்க?

சீனாவின் ஜெங் தாவோவுக்குச் சிறுவயதில் மின்சாரம் தாக்கி இரண்டு கைகளும் போய்விட்டன. பேக்ஸ்ட்ரோக் தொடங்கும்போது ஒரு துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு சுவரில் காலூன்றி நிற்பார். தொடக்க ஒலி கேட்டதும் துண்டை விட்டுப் பாய்வார். முடிக்கும்போது தலையால் சுவரில் மோதித்தான் நிற்க வேண்டும். டோக்கியோ பாராலிம்பிக்கில் அவர் நான்கு தங்கம் வென்றதைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் குளத்தில் "முடியாது" என்று யாராவது சொன்னால் நான் அந்த வீடியோவைத்தான் காட்டுகிறேன். பிரேசிலின் கேப்ரியல் அராஜோவும் அப்படித்தான். கைகள் இல்லாமல், உடம்பை அலை போல வளைத்து நீந்தி 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார்.

மற்றவர்களுக்கும் வழிகள் உண்டு. குதிக்கும் மேடையில் நிற்கலாம், உட்காரலாம், மேடை பக்கத்தில் நிற்கலாம், தண்ணீருக்குள்ளிருந்தே தொடங்கலாம். சமநிலை இல்லாதவரை உதவியாளர் பிடித்துக்கொள்ளலாம், தள்ளிவிட மட்டும் கூடாது. எந்தெந்த விலக்கு யாருக்கு என்பது வகைப்பாட்டின்போதே குறியீடாகப் பதிவாகிவிடும். அந்தக் குறியீட்டைப் பெற்றோரும் தெரிந்து வைத்திருங்கள். போட்டி நாளில் நடுவரிடம் வாதாட அதுதான் துணை.

கண்ணு தெரியாதவங்க சுவத்துல போய் மோதிட மாட்டாங்களா?

மோதாமல் இருக்கத்தான் டேப்பர் என்று ஒருவர் நிற்கிறார். இது நான் செய்கிற வேலை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீளமான கோலின் நுனியில் டென்னிஸ் பந்தோ ஸ்பாஞ்சோ கட்டியிருக்கும். நீச்சல்காரர் சுவரை நெருங்கும்போது தலையிலோ முதுகிலோ ஒரு தட்டு. அது கிடைத்ததும் அவர் திரும்ப வேண்டும், அல்லது கையை நீட்டி முடிக்க வேண்டும். எஸ்-11இல் குளத்தின் இரு முனையிலும் டேப்பர் கட்டாயம். எஸ்-12, எஸ்-13இல் விருப்பப்பட்டால்.

பார்க்க எளிதாகத் தெரியும். அரை வினாடி முன்னால் தட்டினால் அவர் காற்றில் கை நீட்டி நேரத்தை இழப்பார். அரை வினாடி தாமதித்தால் விரல் உடையும். ஃப்ரீஸ்டைலுக்கு ஒரு கணக்கு, பட்டர்ஃபிளைக்கு வேறு கணக்கு. பட்டர்ஃபிளையில் இரண்டு கையும் ஒன்றாக முன்னால் விழுவதால், எந்த வீச்சோடு சுவரைத் தொடுவார் என்பதை முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும். நான் ஒருவரோடு ஆறு மாதம் பழகிய பிறகுதான் அவருக்குப் போட்டியில் தட்டத் துணிந்தேன். அவரும் தன் வீச்சுகளை எண்ணிக்கொண்டே வருவார், லேன் கயிறு தோளில் உரசுவதை வைத்து நேராகப் போகிறோமா என்று பார்ப்பார். இரண்டு பேருடைய எண்ணிக்கையும் ஒன்றாக வந்தால்தான் நல்ல திருப்பம். பெற்றோர்களில் யாராவது கற்றுக்கொள்ள வாருங்கள், நல்ல டேப்பர்கள் நம்மிடம் மிகக் குறைவு.

கண்ணே தெரியாதவருக்கு எதுக்குக் கறுப்புக் கண்ணாடி?

எஸ்-11இல் சிலருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், சிலருக்கு அதுவும் இல்லை. வெளிச்சம் தெரிகிறவருக்குச் சுவரின் நிழல் ஒரு உதவி. அந்த வித்தியாசத்தை நீக்கத்தான் எல்லோருக்கும் ஒளி புகாத கண்ணாடி. போட்டி முடிந்ததும் நடுவர் அதை வாங்கிச் சோதிப்பார். குதிக்கும்போது தானாகக் கழன்று விழுந்தால் தகுதி நீக்கம் இல்லை.

காது கேக்காத பொண்ணு. இதுல சேரலாமா?

பாராலிம்பிக்கில் காது கேளாதவர்களுக்குத் தனி வகை இல்லை. அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் இருக்கிறது. அது 1924இல் பாரிஸில் தொடங்கியது, பாராலிம்பிக்குக்கே மூத்தது. அங்கே விளக்கு எரிவதைப் பார்த்துத் தொடங்குவார்கள். உங்கள் மகள் சாதாரணப் பள்ளிப் போட்டியிலும் தாராளமாக நீந்தலாம். தென் ஆப்பிரிக்காவின் டெரன்ஸ் பார்க்கின் காது கேளாதவர், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் வெள்ளி வாங்கினார்.

ஆட்டிசம் இருக்கற பையன், டவுன் சிண்ட்ரோம் இருக்கற பொண்ணு... இவங்களுக்கு?

எஸ்-14க்கு ஆட்டிசம் என்ற பெயர் மட்டும் போதாது. அறிவுத்திறன் அளவு 75 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையிலும் சிரமம் இருக்க வேண்டும், அது வளரும் வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். இவ்வளவு கெடுபிடிக்கு ஒரு காரணம் உண்டு. 2000 சிட்னி பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்பெயினின் அறிவுசார் கூடைப்பந்து அணியில் 12 பேரில் பத்துப் பேருக்குக் குறைபாடே இல்லை என்று தெரியவந்தது. அந்தத் தவறுக்காக அறிவுசார் குறைபாடு உள்ள நீச்சல்காரர்களும் 2012 லண்டன் வரை வெளியே நிற்க வேண்டியிருந்தது. போட்டி வேகத்தை எட்டாத பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் என்ற தனி இயக்கம் இருக்கிறது, அங்கே கதவு அகலம்.

குளத்துக்கு வெளியிலும் வழி உண்டு. ஆட்டிசம் உள்ள மும்பைச் சிறுமி ஜியா ராய் 2022 மார்ச்சில், 13 வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். நம் கடல்தான் அது.

யூரின் டியூப் இருக்கு, காலில் உணர்ச்சி இல்ல. தண்ணில இறங்கலாமா?

உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்கலாம். தண்டுவட பாதிப்பு உள்ள பலர் நீந்துகிறார்கள். பையைக் காலி செய்துவிட்டு, டியூபை எப்படி மூடுவது என்று நர்ஸிடம் கேட்டு வாருங்கள். நான் அதிகம் பயப்படுவது குளத்தின் விளிம்பைப் பற்றித்தான். உணர்ச்சி இல்லாத காலும் இடுப்பும் சிமெண்டில் உரசினால் தெரியாது, இரண்டு நாள் கழித்துப் புண்ணாகத்தான் தெரியும். விளிம்பில் எப்போதும் தடித்த துண்டோ ரப்பர் பாயோ போட்டு அதன்மேல் உட்காருங்கள், காலுக்குச் சாக்ஸ் போடுங்கள். வீட்டுக்குப் போனதும் தோலைக் கண்ணால் பார்த்துச் சோதியுங்கள். ஏற்கெனவே படுக்கைப்புண் இருந்தால் ஆறும்வரை இறங்க வேண்டாம். வலிப்பு வருபவர் என்றால் கோச்சிடம் மறைக்காதீர்கள், அவருக்கென்று ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கே நாப்பது வயசாச்சு. இனிமே கத்துக்க முடியுமா?

முடியும். ஏழு மாதக் குழந்தையில் போலியோ தாக்கிய மாதவி லதா சென்னையில் நாற்பதை ஒட்டிய வயதில் உடல்நலத்துக்காகத் தண்ணீரில் இறங்கியவர். பிறகு தேசிய அளவில் பதக்கங்கள் வென்றார், தமிழ்நாட்டில் பாரா நீச்சலைப் பரப்பினார், சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கும் நாடளவில் அமைப்பு உருவாக்கினார்.

குளத்துல சேத்துக்க மாட்டேங்கறாங்க. "ரிஸ்க் எடுக்க முடியாது"ங்கறாங்க.

இது எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு குளத்தில் எங்களோடு வந்த பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் சங்கடப்படுவார்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை வழி முழுக்கப் பேசவில்லை.

முன்பு சொன்ன மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அரசுக் குளம் என்றால் வாய்ப் பேச்சோடு விடாமல் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருவருக்கும் நகல் அனுப்புங்கள். எழுத்தில் கேட்டதும் பெரும்பாலும் இறங்கி வருகிறார்கள். முதல் மாதம் வீட்டிலிருந்து ஒருவர் தண்ணீருக்குள் கூடவே இருப்பதாகச் சொன்னால் கோச்சின் பயமும் குறையும்.

ரிலேயில ஒரு கை இல்லாதவர், கால் இல்லாதவர் எல்லாம் ஒரே டீமா? எப்படி நியாயம்?

கிளாஸ் எண்களைக் கூட்டுவார்கள். 34 புள்ளி ரிலேயில் நான்கு பேரின் எண்களும் சேர்ந்து 34ஐத் தாண்டக் கூடாது. 10, 10, 8, 6 என்று போடலாம், 9, 9, 8, 8 என்றும் போடலாம். நடுவில் திடீரென்று பத்து மீட்டர் பின்தங்கிய அணி கடைசியில் முந்துவதைப் பார்ப்பீர்கள். வலுவானவரைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். 20 புள்ளி ரிலேயும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 49 புள்ளி ரிலேயும் உண்டு. மெட்லி ரிலேயில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்துபவருக்கு எஸ்பி எண்ணைத்தான் கணக்கில் எடுப்பார்கள், இங்கே பலர் தவறுகிறார்கள்.

ஒரே எஸ்-6ல ஒருத்தருக்குக் கை இல்ல, இன்னொருத்தர் குள்ளமா இருக்கார். இது சமமா?

கிளாஸ் என்பது குறைபாட்டின் பெயரைப் பார்ப்பதில்லை, அது நீச்சலை எவ்வளவு தடுக்கிறது என்பதைப் பார்க்கிறது. 300 புள்ளிக் கணக்கு அதற்குத்தான். ஆனாலும் முழுச் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் உண்டு, கீழ் விளிம்பில் இருப்பவர் கூடுதலாக உழைக்க வேண்டும். குதிப்பதில் கால் உள்ளவருக்கு லாபம், கடைசி வீச்சில் நீளக் கை உள்ளவருக்கு லாபம். இந்தக் குறை எல்லோருக்கும் தெரியும், விதிகளைத் திரும்பத் திரும்பத் திருத்துவதும் அதனால்தான்.

நல்லா பிராக்டிஸ் பண்ணினதால எஸ்-8ல இருந்து எஸ்-9க்குத் தள்ளிட்டாங்க. உழைச்சதுக்குத் தண்டனையா?

இதுதான் எனக்கு மிகவும் கஷ்டமான கேள்வி. விதிப்படி பயிற்சியால் வந்த வேகத்துக்காக யாரையும் மேலே தள்ளக் கூடாது. வகைப்பாட்டாளர்கள் பார்க்க வேண்டியது தசையும் மூட்டும் அசைவும், கடிகாரம் இல்லை. ஆனால் சிறுவயதில் பார்த்த உடம்பு வளர்ந்து மாறும், சில நோய்கள் கூடும், சில குறையும். அதனால்தான் பலருக்கு மறுபரிசீலனை நிலை கொடுத்து, குறிப்பிட்ட வருடத்தில் திரும்பப் பார்க்கிறார்கள். உறுதி செய்யப்பட்ட நிலை வந்த பிறகுதான் நிம்மதி.

தவறு நடந்திருப்பதாக நினைத்தால் உங்கள் சங்கம் அல்லது தேசிய அமைப்பு வழியாக, அந்தப் போட்டிக்கான கால வரம்புக்குள், கட்டணம் கட்டி ஆட்சேபம் கொடுக்கலாம். வேறு ஒரு குழு முதலிலிருந்து பார்க்கும். நீங்கள் நேரடியாக மேசையில் போய்ச் சண்டை போட்டால் எதுவும் நடக்காது. பழைய மருத்துவ அறிக்கைகளை வருட வாரியாக ஒரு ஃபைலில் வைத்திருங்கள், முதல் வகைப்பாட்டுத் தாளையும் சேர்த்து. எங்கள் குளத்துப் பெண் ஒருத்திக்கு அந்த ஃபைல் இருந்ததால்தான் இரண்டாவது குழு பழைய எண்ணையே திரும்பக் கொடுத்தது. இன்னொருத்திக்குப் புதிய எண்ணே நிலைத்தது. இரண்டு வாரம் குளத்துக்கு வரவில்லை, மூன்றாவது சனிக்கிழமை வந்தாள். இப்போது எஸ்-9 நேரங்களைத் தன் லாக்கர் கதவில் ஒட்டி வைத்து அதற்காகப் பயிற்சி எடுக்கிறாள்.